பெட்ரோல் மூடிக்கு ஒரு சாந்துப் பொட்டு

1

சென்ற சனிக்கிழமை நான் ஒரு கார் வாங்கினேன். புதுக் கார் என்று எழுதத்தான் கை போகிறது. சீமைக்குத் திரும்பும் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒரு வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லி என் மனைவி எஸ்தர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள். எழுதிவிட்டேன்.

ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி. கிராணி என்றால் இந்த நாட்டில் ஆபீஸ் கணக்குப்பிள்ளை. என் சொந்த ஊரான ராஜபாளையத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

காரைப் பார்க்க முதலில் வந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நோயாளியானாலும் சரி, காரானாலும் சரி, குனிந்து பார்க்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். முன்னால் குனிந்தார், பக்கத்தில் குனிந்தார், கடைசியில் பின்பக்கம் போய்க் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஐயா, நீங்க வேதக்காரர்தானே?" என்றார்.

கிறிஸ்தவன்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவதாகவும், பிரசங்கத்தின்போது தூங்குவது மட்டும் உண்டென்றும் சொன்னேன்.

"அப்போ பெட்ரோல் மூடிக்கு எதுக்குப் பொட்டு? வச்சதுதான் வச்சீங்க, நடுவுல எதுக்கு ஊசியால குத்தின மாதிரி ஒரு ஓட்டை?"

நானும் குனிந்து பார்த்தேன். நான் வைத்த பொட்டு இல்லை. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. ஈப்போவில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

2

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீண்ட லீவில் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தேன். ரப்பர் விலை விழுந்து எங்கள் தோட்டத்தில் பாதிப் பேரைக் கப்பலேற்றி அனுப்பியபோது, எப்படியோ என்னை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்தத் தைரியத்தில், சேர்த்து வைத்ததை மதுரையில் ஒரு கம்பெனியில் கொட்டிப் புத்தம்புதுக் கார் ஒன்று வாங்கினேன். லீவு முடிந்ததும் விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். ஆனால் மலாய் நாட்டுக்காரன் பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊரில் என்ன சொல்வார்கள்? உண்மையில் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது எனக்கு அப்போது தெரியாது.

மதுரையில் காடி வாங்கி வருகிறேன் என்று அக்காவுக்கு முன்னாலேயே எழுதியிருந்தேன். மலாய் நாட்டில் நாங்கள் காரைக் காடி என்றுதான் சொல்வோம். ராஜபாளையத்தில் நான் வாசலில் இறங்கியபோது அக்கா ஞானம்மாள் ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கழுவி, துடைத்து, கையில் ஏந்திக்கொண்டு நின்றாள்.

"காடி எங்கலே, சாமு?"

"வாசல்ல நிக்குது பாரு."

எட்டிப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். "பெரிய வெள்ளிக்கிழமை வாசிக்கிற, சிலுவையில ஆண்டவருக்குக் குடுத்த காடின்னுல்லா நெனச்சேன். அந்தப் புளிச்ச தண்ணியை எதுக்கு மதுரையிலேருந்து வாங்கியாரான்னு ரெண்டு நாளா ரோசனை" என்றாள்.

அடுத்த அடி லைசென்ஸ் ஆபீஸில் விழுந்தது. மலாய் நாட்டு லைசென்ஸை ஒரு குமாஸ்தா தலைகீழாகப் பிடித்து, நேராகப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். இது செல்லாது, புதிதாக எழுதிக் கொடும் என்றார். பேர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டுத் தொழிலைக் கேட்டார். கிராணி என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

பேனாவைக் கீழே வைத்தார். "தொழிலைக் கேட்டா சீக்கைச் சொல்லுதீரே. எம்புட்டு நாளா இருக்கு?"

"பதினஞ்சு வருசமா."

"பதினஞ்சு வருசமாவா?" அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார். "வைத்தியரு யாரையும் பாக்கலையா?"

ஓயாத வயிற்றுப்போக்குக்கு ஊரில் அதுதான் பேர் என்பது அப்போதுதான் உறைத்தது. இல்லை இல்லை, எனக்குக் கீழே ஏழெட்டுச் சின்னக் கிராணிகள் இருக்கிறார்கள் என்று விளக்கப் போய் விஷயம் இன்னும் மோசமானது. ஒன்று மட்டும் நடந்தது. அன்றைக்கு என் காகிதம்தான் எல்லாருக்கும் முன்னால் கையெழுத்தாகி வெளியே வந்தது.

3

இங்கே தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது என் வேலை. கூப்பிடும்போது குரல் வராவிட்டால் அந்த நாள் கூலி இல்லை. ஒரு பேரைக் கூப்பிட்டுவிட்டு நான் ஒரு மூச்சு கூடுதலாகக் காத்திருப்பதைச் சின்னக் கிராணிகள் கேலி செய்வார்கள். அவர்களுக்கு அக்காவின் வழக்கு தெரியாது.

அக்கா புருஷன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் கட்டிய வீட்டில் பாதி தனக்கு என்று அவர் தம்பி தேவசகாயம் முன்கட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு தகப்பனார் பணத்தில் கட்டியதாம். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். ஒரு வாய்தாவுக்கு மாட்டுவண்டியில் போனாள். வண்டி போய்ச் சேருமுன் சேவகன் பேர் கூப்பிட்டு முடித்துவிட்டான். வழக்கு தள்ளுபடி. வக்கீல் கையைக் காலைப் பிடித்து மறுபடி எடுக்க வைத்தார். இன்னொரு தரம் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று முன்சீப் சொல்லிவிட்டாராம்.

ஆக, வருகிற திங்கட்கிழமை பேர் கூப்பிடும்போது அக்கா அங்கே இருக்கவேண்டும். வீடு அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா காலை பஸ்ஸில் போவதாக இருந்தாள். வாசலில் காடி நிற்கையில் பஸ் எதற்கு என்று நான்தான் மறித்தேன். கண்ணை மூடி முழிப்பதற்குள் கொண்டுபோய் இறக்குகிறேன் என்று வேறு சொன்னேன்.

அக்கா பக்கத்துச் சாட்சி பக்கத்து வீட்டு லட்சுமம்மா. தெலுங்குக்காரர்கள், பருத்திக்காடு, மாடு கன்று என்று நல்ல குடித்தனம். அக்காவை வதினா என்றுதான் கூப்பிடுவார். நம் மதினிக்கு அவர்கள் சொல்வது. ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் மறு வீட்டில் உப்புப் பார்ப்பார்கள், அப்படிப் பழக்கம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயில் உபதேசியார் வந்து காருக்கு ஜெபம் பண்ணினார். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக வேண்டினார். பிரேக்குக்கு மட்டும் கூடக் கொஞ்சம். லட்சுமம்மா மதில்மேல் முழங்கையை ஊன்றிக் கடைசிவரை பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா, தம்பி?" என்று கேட்டார்.

முடிந்துவிட்டது என்றேன்.

"அம்புட்டுதானா?"

அந்தக் கேள்வியை நான் கவனித்திருக்க வேண்டும். சாயங்காலம் பெட்ரோல் டாங்கைக் கழுத்துவரை நிரப்பி, துடைத்து, பெருமையாகத் தூங்கப் போய்விட்டேன்.

4

திங்கட்கிழமை காலையில் புறப்பட்டோம். பின்னால் அக்காவும் லட்சுமம்மாவும். முன்னால் என் பக்கத்தில் மகள் ரூபி. அவளுக்கு அப்போது ஆறு வயசு. இங்கேயே பிறந்து, ஆயா கையில் வளர்ந்து, தமிழில் பாதியும் மலாயில் பாதியுமாகப் பேசிக்கொண்டிருந்தாள். எஸ்தர் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்துவிட்டாள்.

மேற்கே மலை, ரெண்டு பக்கமும் பருத்தி. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்தேன். யாரும் குறுக்கே வரவில்லை. சும்மாதான் அடித்தேன்.

ஊர் எல்லை தாண்டிச் செத்த நேரம்தான். காடி இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் திறக்கத் தெரியும். பருத்திக்காட்டிலிருந்து நாலைந்து பேர் வந்து சுற்றி நின்றார்கள். தண்ணி காட்டும் என்றார் ஒருவர், மாட்டுக்குச் சொல்வதுபோல. வெயில் ஏறுமுன் கொஞ்சம் நிழலில் கட்டும் என்றார் இன்னொருவர். பிளக்கைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தேன். பெட்ரோல் இருக்கிறதா பார்ப்போம் என்று பின்னால் போய் ஒரு குச்சியோடு டாங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு விட்டது. மூடிமேல் வட்டமாக, சிவப்பாக ஏதோ இருந்தது. கம்பெனி முத்திரை என்று நினைத்தேன். இவ்வளவு அழகாக முத்திரை குத்துகிறார்களே என்று மெச்சிக்கொண்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

பெட்ரோல் நிறைய இருந்தது. மூடினேன், ஸ்டார்ட் பண்ணினேன், புறப்பட்டுவிட்டது.

"பிளக்குலதான் கோளாறு" என்று அறிவித்தேன். ரூபி கைதட்டினாள்.

மம்சாபுரத்துக்குப் பிரிகிற இடத்தில் மறுபடி நின்றது. மறுபடி பிளக், கைக்குட்டை. இந்தத் தடவை கைக்குட்டைதான் கறுத்தது, வேறு பலன் இல்லை. அப்போது பின்னால் காலை பஸ் வந்தது. அக்கா கையை நீட்டப் போனாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"செத்த நேரம்க்கா. இந்தா ஸ்டார்ட் ஆயிரும்."

பஸ் எங்களை உரசிக்கொண்டு போனது. ஜன்னலில் ஒரு தலை. தேவசகாயம்தான். "என்ன மதினி, புதுக் காரா? கயிறு வேணுமா, கட்டி இழுக்க?" என்று சிரித்துக்கொண்டே போனார். புழுதி அடங்கியதும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆத்திரத்தில் டாங்க் மூடியைத் திறந்து மறுபடி குச்சி விட்டேன். மறுபடி உஸ்ஸ். மறுபடி ஸ்டார்ட். அப்போதாவது யோசித்தேனா என்றால், இல்லை. பஸ்ஸைப் பிடித்துத் தேவசகாயத்துக்கு முன்னால் ஹாரன் அடிக்கவேண்டும் என்பது ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

5

மூன்றாவது தடவை நின்றபோது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் கஷ்டம். கோபுரம் தெரிகிறதென்பதால் ஊர் வந்துவிட்டதென்று அர்த்தமில்லை. அது வெகு தூரத்துக்குத் தெரியும்.

அக்கா இறங்கி ரோட்டில் நின்றாள். அவளுக்கு முழங்கால் வலி. வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடப்பவள்.

"நடந்தா எம்புட்டு நேரம் ஆகும், சாமு?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

அதுவரை எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்போது வயிற்றைப் பிசைந்தது. அந்தக் குமாஸ்தா சொன்ன சீக்கு நிஜமாகவே வந்துவிட்டதோ என்று தோன்றியது. பஸ்ஸை மறிக்கப் போன கையைப் பிடித்து இறக்கியவன் நான்தானே.

ரூபி மட்டும் காரின் மிதிபலகைமேல் ஏறி நின்றுகொண்டு, "மாத்தி! காடி மாத்தி!" என்று பாட்டாகவே பாடிக்கொண்டிருந்தாள். மலாயில் மாத்தி என்றால் செத்துப்போனது. இஞ்சின் நின்றுபோனாலும் அதையே சொல்வார்கள். ஊரில் யாருக்குத் தெரியும்?

லட்சுமம்மா காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் வெளிறிக்கொண்டே வந்தது. சட்டென்று இறங்கி என் கையைப் பிடித்தார்.

"தம்பி, பச்சைப் புள்ளை வாயில வருது பாத்தீகளா? மாத்திட்டா, மாத்திட்டாங்குது. நான்தான் மாத்திட்டேன்."

"எதை மாத்தினீக?"

"உபதேசியாரு ஜெபம் பண்ணின வண்டிக்கு நான் பொட்டு வச்சிட்டேன். புது வண்டி வெறும் நெத்தியோட கோர்ட்டுக்குப் போகுதேன்னு மனசு கேக்கலை. முன்னாடி வச்சா நீங்க வருத்தப்படுவீகன்னு, ராத்திரி வந்து பின்னாடி கண்ணுல படாத எடமாப் பாத்து வச்சேன். ஒங்க ஆண்டவரு இழுக்காரு, எங்க அம்மன் புடிக்கா. வண்டி என்ன செய்யும்? ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்குது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சிரிக்க வாய் திறந்தேன். வெறும் பெட்ரோல் விஷயம், சாமி விஷயம் இல்லை என்று சொல்லப் போனேன். அந்தப் பெட்ரோல் என்கிற வார்த்தையிலேயே வாய் நின்றுவிட்டது.

"எங்க வச்சீக?"

"பின்னாடி, வட்டமா மூடி மாதிரி ஒண்ணு இருக்குல்லா? நடுவுல சின்னதா ஒரு புள்ளி இருந்துச்சு. பொட்டு வைக்கதுக்குன்னே வச்ச மாதிரி. சந்தனம் உதுந்துரும்னு நல்ல சாந்தாவே அப்பிட்டேன். மேல குங்குமம்."

அந்தப் புள்ளி பொட்டு வைக்க வைத்ததில்லை. காற்றுப் போக வைத்த ஓட்டை. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சொட்டிச் சொட்டி நின்றுவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். காருக்கும் அதேதான். பெட்ரோல் இறங்க இறங்க, மேலே காற்று வரவேண்டும். அதை லட்சுமம்மாவின் சாந்து வெண்கலப் பானைக்கு ஈயம் பூசியதுபோல் அடைத்துவிட்டது. நான் குச்சி விட மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று புகுந்தது, வண்டி ஓடியது. பிளக்கைத் துடைத்த பெருமை எல்லாம் அந்த உஸ்ஸுக்குச் சேரவேண்டியது.

சுரண்டினோம். நகத்தால் வரவில்லை, குச்சியால் வரவில்லை. சாந்து காய்ந்து கல்லாகியிருந்தது. அக்கா தன் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குத்தித் தோண்டி ஓட்டையைத் திறந்து, மிச்சத்தை லட்சுமம்மா முந்தானையைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்துத் துடைத்தார்.

"ஆண்டவருகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லும், தம்பி" என்றார், துடைத்துக்கொண்டே.

"அவரு ஒண்ணும் இழுக்கலை" என்றாள் அக்கா. "இவன்தான் பஸ்ஸை விட்டான். ஏறு மொதல்ல."

6

அதன் பிறகு காடி நிற்கவில்லை. கோர்ட் வாசலில் நான் திருப்பும்போது டவாலி போட்ட சேவகன் படியில் நின்று ஒரு பேரை இழுத்து முடித்துக்கொண்டிருந்தான். இழுத்த இழுப்பில் என்ன பேர் என்று புரியவில்லை. மறுபடி கூப்பிட்டான்.

"ஞானம்மா...ள்!"

அக்கா ஒரு காலை வெளியே வைத்தாள். மறு கால் வரவில்லை. சேவகன் மூன்றாவது தடவைக்கு மூச்சை இழுத்தான். எனக்கு வேறொன்றும் தோன்றாமல் ஹாரனை அமுக்கினேன். அமுக்கிய கையை எடுக்கவில்லை. லட்சுமம்மா கார் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "இருக்கா, இருக்கா, எறங்கிக்கிட்டிருக்கா" என்று கையாட்டினார். சேவகன் இழுத்த மூச்சை விட்டான். படியில் நின்ற தேவசகாயத்தின் வாயில் வெற்றிலை இருந்தது. மெல்லுவது நின்றுவிட்டது.

கோர்ட் வளாகத்தில் ஹாரன் அடித்ததற்கு நான் ஒரு ஓரமாக நின்று மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்கவேண்டி வந்தது. கையெழுத்துக்குக் கீழே தொழில் என்று ஒரு இடம் இருந்தது. கணக்குப்பிள்ளை என்று எழுதினேன்.

உள்ளே லட்சுமம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். பெட்ரோல் வாசனை முன்சீப்வரை போயிருக்கும். வீட்டை யார் கட்டியது என்று உமக்கு எப்படித் தெரியும் என்று எதிர் வக்கீல் கேட்டார். "சுவருக்கு மண்ணு கொழைச்ச தண்ணி எங்க கெணத்துத் தண்ணி. வாத்தியாரு பள்ளிக்கூடம் விட்டு வந்து அவரு கையாலயே எறைச்சாரு. இந்தத் தம்பிக்காரரு ஒரு நாளும் ஒரு வாளி எறைச்சதில்லை" என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

நான் கப்பலேறுமுன் தீர்ப்பு வந்தது. முன்கட்டு திறந்தது. காரை ஒரு டாக்டருக்கு விற்றேன்.

7

கோர்ட்டிலிருந்து திரும்பும்போது நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் டிரெஸ்ஸருக்குப் பதில் ஆகாது.

கோயில் தெருவில் வளையல் கடை முன்னால் அக்கா காரை நிறுத்தச் சொன்னாள். ஒரு சாந்துக் குப்பி வாங்கிவரச் சொன்னாள். வாங்கி வந்ததும் லட்சுமம்மா கையில் கொடுத்தாள்.

"வை."

"வேணாம், வதினா. பட்டது போதும்."

"ஜெயிக்கப் போறமோ தோக்கப் போறமோ, வண்டி அழுத மூஞ்சியா வீட்டுக்குப் போகவேணாம். வை."

லட்சுமம்மா வைத்தார், அதே இடத்தில், அவ்வளவு பெரிசாக. வேறு இடத்தில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. ஈரம் காயுமுன் அக்கா ஊக்கை எடுத்துப் பொட்டின் நடுவில் ஒரு குத்துக் குத்தினாள்.

"இப்ப ஒங்கம்மா பொட்டுல இருக்கட்டும். என் ஆண்டவரு ஓட்டை வழியா உள்ள வந்துக்கிடுவாரு."

இருவரும் நடுத்தெருவில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரூபி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குச் சென்ற சனிக்கிழமைதான் ஞாபகம் வந்தது.

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு. கான்வெண்டில் படிக்கிறாள். அக்காவுக்குக் கடிதம் எழுதச் சொன்னால் நாலு வரிக்கு நாற்பது பெருமூச்சு. ராஜபாளையத்தை "அப்பா ஊர்" என்பாள். தனக்கும் அந்த ஊருக்கும் உள்ள சம்பந்தம் நான்தான் என்பதுபோல.

டிரெஸ்ஸர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். நான் தொண்டையைச் செருமி, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் ரூபி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். விரல் நுனியில் சாந்து ஒட்டியிருந்தது, சட்டையில் ஒரு ஊக்கு.

"புதுக் காடிக்கு அப்படித்தான் செய்யணும், அங்கிள்" என்றாள். "பொட்டு வச்சு, நடுவுல குத்தணும். குத்தாட்டி காடி மாத்தி ஆயிரும். எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

காற்று, பெட்ரோல், மண்ணெண்ணெய் டின் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. எஸ்தர் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஆமாம்" என்றேன் டிரெஸ்ஸரிடம். "எங்க ஊர்ல அதுதான் வழக்கம்."